தண்ணீரில் பூக்காத தாமரை

இமயத்தின் பிரம்ம கமலம் வளரப் பனி வேண்டும், பாறை வேண்டும், குளிர் வேண்டும். பறிக்காமல் காத்திருக்கும் கைகளும் வேண்டும்.

காலை ஐந்து மணிக்கே கங்கரியா விழித்துக்கொள்கிறது. முதலில் கோவேறு கழுதைகளின் கழுத்து மணிகள். பிறகு டீக்கடை ஸ்டவ்களின் இரைச்சல். அடுத்து, ஒரே தெருவைக் கொண்ட அந்த மலை ஊரின் இரு பக்கத்து விடுதிகளிலிருந்தும் கம்பளி போர்த்திய சீக்கியக் குடும்பங்கள் வெளியே வருகின்றன. கைக்குழந்தைகள், எண்பது வயதுப் பாட்டிகள், செருப்பைக் கையில் பிடித்து வெறுங்காலுடன் நடக்கும் இளைஞர்கள். எல்லோரும் ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்கு ஏறப்போகிறவர்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்த பியூந்தார் கிராமத்து இளைஞர் வானத்தைப் பார்த்தார். "தீதி, டீயை சீக்கிரம் முடியுங்கள். பத்து மணிக்குள் மேலே போய்விட்டால் பூவைப் பார்க்கலாம். மேகம் இறங்கிவிட்டால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது."

நான் யாத்திரைக்கு வரவில்லை. ஒரு பழைய தவறைத் திருத்திக்கொள்ள வந்திருந்தேன்.

சுமார் இருபது வருடங்களுக்கு முன், தில்லியில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், இமயமலைச் செடிகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். அதில் பிரம்ம கமலம் பற்றி இரண்டே வரிகள். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குக் கமலம் என்றால் தாமரை. தாமரை என்றால் தண்ணீர். யோசிக்காமல் 'பனி ஏரிகளில் மலரும் தெய்வீகத் தாமரை' என்று எழுதிவிட்டேன். மூலத்தில் ஏரியே இல்லை. பத்து நாள் கழித்து டேராடூனிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் எழுதியிருந்தார்: 'அம்மணி, அந்தப் பூ தண்ணீரில் பூப்பதில்லை. பாறை இடுக்கில் பூக்கிறது. நான் அதன் பக்கத்தில் கூடாரம் அடித்துப் படுத்திருக்கிறேன்.'

திருத்தம் வெளியிடும் அளவுக்குப் பெரிய தவறாக அது யாருக்கும் படவில்லை. கார்டு மட்டும் என் அகராதிக்குள் தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் கோவையில் இருக்கிறது. எங்கள் வீட்டு பால்கனித் தொட்டியில் அம்மா ஒரு 'பிரம்ம கமலம்' வளர்க்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த துண்டை நட்டது. மொட்டு தலை நிமிர்ந்தால் வீடே பரபரக்கும். ராத்திரி பத்து மணிக்கு அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து மணக்கும் பூ, விடிவதற்குள் துவண்டுவிடும். சென்னை, பெங்களூரு, மும்பை என்று தமிழர்கள் குடியிருக்கும் மாடிகளில் எல்லாம் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

அந்தச் செடி இமயத்துடையது அல்ல. மெக்சிகோவின் தென்பகுதிக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் சொந்தமான கள்ளி வகை. அங்கே காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. இலை என்று நாம் நினைப்பது அதன் தட்டையான தண்டு. கேரளத்தில் அதை நிஷாகந்தி என்கிறார்கள். பிரம்மாவின் பெயர் அதற்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ, நம் வீடுகளில் அது கெட்டியாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அசல் பூவைப் பார்க்கப் போறியா? அப்போ ஒண்ணே ஒண்ணு கொண்டு வா கண்ணு, சாமிக்கு வைக்கணும்" என்று அம்மா போனில் சொல்லியிருந்தார். அம்மாவிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. சரி என்றுவிட்டேன்.

ஆனைமுடிக்கும் மேலே

ரிஷிகேஷிலிருந்து ஜோதிர்மடம் வரை சுமார் 250 கிலோமீட்டர். ஒரு முழு நாள் மலைப்பாதை. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாகக் கடந்து போகவேண்டும். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இந்த தேவப்பிரயாகைதான்; திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி ஜோதிர்மடம் என்று வைணவர்கள் கொள்கிறார்கள். ஜோஷிமட் என்று அறியப்பட்ட அந்த ஊரில் 2023 ஜனவரியில் நிலம் இறங்கி, நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. இந்த மலைகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வி மனதில் எழாமல் அந்த ஊரைக் கடக்க முடியாது.

அங்கிருந்து பத்ரிநாத் சாலையில் கோவிந்த்காட். சாலையிலிருந்து பிரிந்து, அலக்நந்தாவைக் கடந்தால் புல்னா கிராமம்வரை ஜீப் போகிறது. பிறகு சுமார் பத்து கிலோமீட்டர் நடை, அல்லது கோவேறு கழுதை. 2013 ஜூன் வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கையும் விட்டுவைக்கவில்லை. கோவிந்த்காட்டின் பாலம் போனது. புல்னாவும் பியூந்தாரும் பெரும் சேதம் அடைந்தன. புதிய பாதையிலிருந்து பார்த்தால், ஆற்றின் மறுகரையில் பழைய பாதை நடுவில் அறுந்து நிற்பது தெரிகிறது.

கங்கரியாவின் உயரம் சுமார் 10,000 அடி. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 8,842 அடிதான். நம் மலைகள் முடிந்துபோகிற உயரத்துக்கு மேலேதான் பிரம்ம கமலத்தைத் தேடும் நடையே தொடங்குகிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று படித்தவள் நான். ஆனால் மரங்களே நின்றுபோகும் உயரத்துக்கு நம் ஐந்திணையில் இடம் கிடையாது. இமயத்தை எல்லையாகக் கொண்டவன் என்று ஒரு சேரனுக்கு இமயவரம்பன் எனப் பெயர் சூட்டிய மொழிதான் நம்முடையது. ஆனாலும் அந்த எல்லையில் என்ன பூக்கும் என்பதை நாம் கேள்விப்பட்டுத்தான் எழுதியிருக்கிறோம். என் இரண்டு வரிகளைப் போல.

பள்ளத்தாக்கில் ஒரு நாள்

முதல் நாள் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனோம். 1931-ல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத்தும் அவருடைய தோழர்களும் மழையில் வழிமாறி இறங்கிய இடம் இது. 1937-ல் ஸ்மைத் மீண்டும் வந்து தங்கினார். செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். அடுத்த வருடம் புத்தகம் எழுதினார். வெளியுலகம் அவர் வைத்த பெயரிலேயே இதை அழைக்கத் தொடங்கியது. பியூந்தார் மக்களுக்கு இது அவர்கள் ஆடுகள் மேயும் புல்வெளி. யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லாத இடம்.

1939-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் சார்பில் செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி பாறையில் சறுக்கி விழுந்து இறந்துபோனார். பூக்களுக்கு நடுவே அவருடைய கல்லறை இருக்கிறது. யாரோ அன்றும் சில பூக்களைக் கல்லின் மேல் வைத்திருந்தார்கள்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆகஸ்டில் பள்ளத்தாக்கின் தரை முழுவதும் இளஞ்சிவப்பு. நெருங்கிப் பார்த்தால் பழகிய முகம்: நம் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் உறவுக்காரச் செடி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பிரம்ம கமலத்தை மட்டும் காணோம். "அது இங்கே கீழே வராது தீதி" என்றார் வழிகாட்டி. "அதற்கு இந்த மண் சொகுசு."

இந்தப் பள்ளத்தாக்கு 1982-ல் தேசியப் பூங்காவானது. பரப்பளவு 87.5 சதுர கிலோமீட்டர். மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் ஆடுகள் போன சில வருடங்களில் வேறொரு தொல்லை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. இவர்கள் அமேலா என்று அழைக்கும் பாலிகோனம் செடி, மார்பளவு உயரத்துக்குப் புதராக மண்டிச் சிறிய செடிகளை மறைத்தது. மேய்ச்சலை நிறுத்தியதுதான் காரணம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள்; நிலச்சரிவுகளும் பழைய ஆட்டுப்பட்டிகளின் உரம் ஏறிய மண்ணும்தான் காரணம் என்றார்கள் வேறு சிலர். வனத்துறை இன்று அமேலாவை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. "எங்கள் தாத்தா ஆடு மேய்த்தபோது கூலி இல்லாமல் நடந்த வேலை" என்று சிரிக்கிறார் வழிகாட்டி. வாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவாகிறது. பூ வளர்வதற்கான காரணங்களில் மனிதன் செய்வதும் செய்யாமல் விடுவதும் சேர்த்தி.

பாறையின் மேல் விளக்கு

ஹேம்குண்டுக்கு ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 4,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் தேவதாரு வகை மரங்களும் பூர்ஜ மரங்களும். பிறகு மரங்கள் குட்டையாகி, வளைந்து, ஒரு திருப்பத்தில் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் புல், பாறை, பனிக்கட்டி. மூச்சு இரண்டாக உடைகிறது. நூறடிக்கு ஒருமுறை நின்றேன். என்னைக் கடந்து ஏறிய ஒரு பஞ்சாபிப் பாட்டி என் முதுகில் தட்டி, "மெதுவாக மகளே, பூ எங்கேயும் ஓடிவிடாது" என்றார். நான் எதைத் தேடுகிறேன் என்று வழிகாட்டி அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

சுமார் 13,000 அடியில், பாதைக்கு மேலே சரிந்து கிடந்த பாறைக் குவியலைக் காட்டினார் வழிகாட்டி. முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ எறிந்த பழைய பாலிதீன் பைகள் என்றுதான் நினைத்தேன். பிறகு மேகம் சற்று விலகியது. வெயில் பட்டதும் அந்தப் பைகள் உள்ளேயிருந்து விளக்கேற்றியதுபோல் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிர்ந்தன.

பிரம்ம கமலம் தாமரை இல்லை என்பது தெரிந்துதான் வந்தேன். சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்துச் செடி அது. ஆனாலும் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. முழங்கால் உயரத் தண்டு. அதன் உச்சியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்க் காகிதம்போல மெல்லிய மடல்கள், படகுபோலக் குவிந்து ஒன்றையொன்று மூடி நிற்கின்றன. அவை இதழ்கள் அல்ல. காகிதப்பூவில் நாம் பூ என்று சொல்லும் வண்ண மடல்களைப் போல, இவையும் பூவடிச் செதில்கள். அவற்றைச் சற்று விலக்கிப் பார்த்தால், உள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவுமாக நெருங்கி உட்கார்ந்திருக்கும் சிறு பூங்கொத்துகள்தான் உண்மையான பூ. மல்லிகை மணத்தை எதிர்பார்த்துக் குனிந்தால் ஏமாற்றம். காரமான, மூக்கில் ஏறும் வாசனை.

அந்த மடல்கள் அலங்காரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. இந்த உயரத்தில் வெயில் சுடும், ஆனால் காற்று குளிரும். புற ஊதாக் கதிர்கள் கடுமை. மதியம் மழை, இரவில் உறைபனி. இத்தனைக்கும் நடுவில் மகரந்தம் நனையாமல், விதை கருகாமல் பிழைக்கவேண்டும். செடி தனக்கென்று ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. மடல்கள் வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன, மழையைத் தடுக்கின்றன, உள்ளே சற்றே கதகதப்பை வைத்திருக்கின்றன. தாவரவியலாளர்கள் இப்படிப்பட்டவற்றைக் கண்ணாடிவீட்டுச் செடிகள் என்றே அழைக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு தடித்த வண்டு, மயிர் அடர்ந்த தேனீ இனம், ஒரு மடலின் இடுக்கில் நுழைந்தது. தூறல் ஆரம்பித்தது. வண்டு வெளியே வரவில்லை. அதற்கு அது சத்திரம்.

இந்தச் செடிக்கு என்னென்ன வேண்டும் என்று அந்த இடத்தில் உட்கார்ந்தே பட்டியல் போட்டுவிடலாம். தண்ணீர் தேங்காத பாறைச் சரிவு. கற்களுக்கு நடுவே, பனி உருகி ஓடியபின் தங்கும் கைப்பிடி மண். நவம்பரிலிருந்து மே வரை மேலே கனத்த பனி. பனி இதற்குப் பகை அல்ல, போர்வை. மேலே காணும் இலையும் தண்டும் மடிந்துபோக, தரைக்கடியில் கிழங்குபோன்ற வேர்த்தண்டு உயிரோடு கிடக்கிறது. பனி மூடியிருக்கும்வரை வெளிக்காற்றின் கொடுங்குளிர் வேரை எட்டுவதில்லை. ஜூனில் பனி விலகியதும் இலை விடும். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை பூ. பிறகு விதைகள், இறகுபோன்ற மயிர்க்கற்றையுடன் காற்றில் பறக்கும். அக்டோபரில் மீண்டும் பனி தொடங்கிவிடும். வருடத்தில் நான்கே மாதங்கள்தான் அதற்கு வாழ்க்கை. வெப்பம் கூடினால் இது இன்னும் மேலே ஏறவேண்டியிருக்கும். ஆனால் மலை மேலே போகப்போக நிலம் சுருங்கும். சிகரத்துக்கு மேல் போக இடமில்லை.

கோவையின் மாடியில் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடிக்கும் இதற்கும் பொதுவாக இருப்பது பெயர் மட்டுமே. அங்கே ஒரு துண்டை ஒடித்து நட்டால் போதும். இங்கே விதை விழுந்து, முளைத்து, ஒரு பூவைக் காட்டுவதற்குள் பல குளிர்காலங்களைத் தாண்டவேண்டும்.

அஷ்டமிக்கு முன்னால்

அங்கிருந்து சற்று மேலே, சுமை இறக்கி உட்கார்ந்திருந்த ஒரு யாத்ரீகர் குடும்பத்தின் கையில் ஏழெட்டு பிரம்ம கமலங்கள் இருந்தன. பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் பார்ப்பதைக் கண்ட அந்தப் பெரியவர், கனிவுடன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஊருக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் வைத்தால் நல்லது."

அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கை நீண்டுவிட்டது. வாங்கிக்கொண்டேன். வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. திரும்பி நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

கொஞ்ச தூரம் நடந்தபின் நானே கேட்டேன். "தப்பா, பையா?"

"நீங்கள் பறிக்கவில்லையே" என்றார். பிறகு சொன்னார். "எங்கள் ஊரில் நந்தாஷ்டமிக்கு முன்னால் இதைத் தொடமாட்டோம். தொட்டால் தேவிக்குக் கோபம் வரும்."

கார்வால் மக்களுக்கு நந்தாதேவி சிகரம் மட்டுமல்ல; வீட்டுப் பெண். கைலாசத்தில் இருக்கும் சிவனுக்குக் கட்டிக்கொடுத்த மகள். புரட்டாசிக்கு முன்னால், பாத்ரபத மாதத்து வளர்பிறை அஷ்டமியில் அவளுக்குத் திருவிழா. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். ஊர் சார்பில் சிலர் விரதம் இருந்து, வெறுங்காலுடன் கூடைகளைச் சுமந்து மேலே ஏறுவார்கள். வேண்டிய அளவு மட்டும் பறித்து வருவார்கள். பூ முதலில் தேவிக்கு. பிறகு வீட்டுக்கு ஒன்றாகப் பிரசாதம். அது அடுத்த வருடம்வரை பூஜை அறையில் காய்ந்து கிடக்கும். மேலே புல்வெளிகளில் உரக்கப் பேசக்கூடாது, பளிச்சென்ற உடை உடுத்தக்கூடாது, வனதேவதைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு.

வழிகாட்டி இதையெல்லாம் பக்தியாகத்தான் சொன்னார். எனக்குக் காலண்டராகக் கேட்டது. ஜூலையில் பூத்தவை அஷ்டமி வருவதற்குள் விதை கட்டத் தொடங்கியிருக்கும். அதற்குப் பின் பறிக்கும் பூ, தன் வேலையைப் பெரும்பாலும் முடித்த பூ. பாறை, பனி, குளிர் என்று நான் போட்ட பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருந்தது: ஒரு தேதி. இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பூ இத்தனை காலம் பிழைத்திருக்க, அந்தத் தேதிவரை யாரும் தொடாததும் ஒரு நிலைமை.

அந்தத் தேதி, கீழேயிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. உத்தராகண்டின் மாநில மலர் பிரம்ம கமலம். 1982-ல் அஞ்சல் துறை வெளியிட்ட இமயமலை மலர்கள் தபால்தலைகளிலும் அது இடம்பெற்றது. கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் பூஜைக்கு உகந்தது. காயத்துக்கும் வலிக்கும் மருந்து என்றும் பறிக்கிறார்கள். புகழ் கூடக்கூட, பறிக்கும் கைகளும் கூடுகின்றன. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. ஆனால் ஹேம்குண்ட் பாதை அந்த எல்லைக்குள் வருவதில்லை. பக்தி உள்ளவர்கள் பறிப்பதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையிலும் ஒன்று இருந்ததே.

ஏரிக்கரையில்

கடைசி ஆயிரத்துச் சொச்சம் கல் படிகள். 14,200 அடி உயரத்தில், ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஏரி. பத்தாவது குருவான கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. கரையில் நட்சத்திர வடிவ குருத்வாரா. உறையும் தண்ணீரில் முங்கி எழுந்த குழந்தைகள் பல் தந்தியடிக்க, கிச்சடியும் சூடான டீயும் எல்லோருக்கும் இலவசம். இரவு இங்கே தங்க அனுமதி இல்லை. மதியத்துக்குப் பின் எல்லோரும் இறங்கிவிடவேண்டும். அந்த விதியும் மலைக்கு நல்லதுதான் செய்கிறது.

பக்கத்திலேயே லோக்பால் என்ற சிறிய லட்சுமணர் கோயில். என் கையில் இருந்த பூவை அங்கே வைத்தேன். அதற்குள் மடல்களின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. கோவைவரை தாங்கியிருக்காது. அந்தக் காரணம் எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட்வரை 12.4 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 2,730 கோடி ரூபாய். நாள் ஒன்றுக்கு 11,000 பேரை ஏற்றிச்செல்லும் திறன். கங்கரியாவிலிருந்து ஏரிவரையிலான பகுதி 1.85 கிலோமீட்டர். முட்டி வலியோடு ஏறும் பாட்டிகளைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று எளிதில் சொல்லமாட்டார்கள். கழுதைகளின் முதுகுப் புண்களைப் பார்த்தவர்களும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் இதுவரை அந்தப் பூவுக்குக் காவலாக இருந்தவற்றில் ஒன்று, மூச்சு வாங்கவைக்கும் அந்த ஆறு கிலோமீட்டர். அது போய்விட்டால், அதன் இடத்தில் வேறொரு காவல் வேண்டியிருக்கும். புல்னா மக்களும் பியூந்தார் மக்களும் ஏற்கெனவே ஒரு குழுவாகச் சேர்ந்து பாதைக் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்கிறார்கள். அஷ்டமிக்கு முன் தொடாதீர்கள் என்று, ரோப்வே டிக்கெட்டின் பின்புறம் பஞ்சாபியிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சடிக்கச் சொன்னால் செலவு அதிகம் ஆகாது.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்த பாறைக் குவியலை மேகம் மூடியிருந்தது. வண்டு இன்னும் உள்ளேதான் இருந்திருக்கவேண்டும்.

ஜோதிர்மடம் வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கொண்டுவரவில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்: விதை, பனி, அஷ்டமி எல்லாம். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"செரி கண்ணு. அப்போ நம்ம வீட்டுல இருக்கறதை இனிமே என்னன்னு கூப்புடறது?"

நிஷாகந்தி என்று மலையாளத்தில் ஒரு அழகான பெயர் இருப்பதைச் சொன்னேன். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. 'நம்ம பூ' என்று கூப்பிட முடிவு செய்தார்.

நந்தாஷ்டமி அன்று மாலை வழிகாட்டியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஈரத்துணி போர்த்திய மூங்கில் கூடை; துணிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் மஞ்சள் மடல்கள்; கூடையின் பக்கத்தில் சேறு படிந்த, வெடித்த இரண்டு பாதங்கள். அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பினேன். பூ எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அம்மா பூவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அந்தக் குளுருல வெறுங்காலோடயா ஏறினான் அந்தப் பையன்?" என்று மட்டும் கேட்டார்.